ஸதகாவால் தீராத கடன்

மத்யன் நகரத்து மக்கள் தங்கள் நபியிடம் கேட்ட ஒரு கேள்வியைத் திருக்குர்ஆன் ஹூது அத்தியாயத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதீர்கள், பூமியில் குழப்பம் விளைவித்துத் திரியாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்தார்கள். எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி கையாள்வதை நாங்கள் விட்டுவிட வேண்டும் என்று உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று அம்மக்கள் ஏளனமாகக் கேட்டார்கள்.

இக்கேள்வியின் உட்பொருளைக் கவனியுங்கள். தொழுகை ஓரிடம், வாணிபம் மற்றோரிடம். ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்பதே மத்யன்வாசிகளின் வாதம். முதலாளித்துவம் என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் மூலக் கொள்கையை அவர்கள் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார்கள். அந்தக் கேள்வி மத்யனோடு அழிந்துவிடவில்லை. இன்று நம் தமிழ் மண்ணில், நம் சமுதாயத்தின் பெருமைக்குரிய தொழில் ஒன்றின் கரையில் நின்று அது மீண்டும் கேட்கப்படுகிறது. அந்தக் கரை பாலாற்றின் கரை. அந்தத் தொழில் தோல் பதனிடும் தொழில்.

ஒரு நதியின் நிலை

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாக வங்கக் கடலைச் சேரும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிக்கும். ஆனால் மணலுக்கு அடியில் ஓடிய நீரே அந்த வட்டாரத்தின் கிணறுகளையும் வயல்களையும் வாழ வைத்தது. மேலே வெள்ளம் ஓடாத ஆற்றில் கலக்கும் கழிவு நீர்த்துப்போக வழியில்லை. அது மணல் வழியே இறங்கி, குடிக்கும் நீரோடு நேரே கலந்துவிடுகிறது. இந்த எளிய உண்மையைப் புறக்கணித்ததில்தான் அந்த வட்டாரத்தின் துயரம் தொடங்கியது.

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தமிழகத்தில் 900க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இயங்குகின்றன என்றும் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையத்தின் மதிப்பீடும் அத்தீர்ப்பில் உள்ளது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஆய்வு செய்யப்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது.

இவை எண்கள் மட்டுமல்ல. நம் ஃபிக்ஹு நூல்கள் நீரின் தூய்மையை அறிய மூன்று அடையாளங்களைக் கற்பிக்கின்றன: நிறம், சுவை, மணம். மக்தபில் படிக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கும் இது மனப்பாடம். அசுத்தம் கலந்து இம்மூன்றில் ஒன்று மாறிய நீரில் உளூச் செய்ய முடியாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கிணறு கிணறாக நிறமும் சுவையும் மணமும் மாறிய ஒரு வட்டாரத்தைப் பார்த்து, இது மார்க்கத்தின் பிரச்சினை என்று சொல்ல நம் நாவு தயங்குகிறது. ஒரு குவளை நீரின் தூய்மைக்குச் சட்டம் வைத்திருக்கும் மார்க்கம், ஒரு நதியின் தூய்மையைப் பற்றி எதுவும் சொல்லாது என்று நினைக்கிறோமா?

இலாபம் எங்கிருந்து வந்தது?

தோல் தொழில் தொடக்கம் முதல் இப்படி இருக்கவில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. அன்றும் துர்நாற்றம் இருந்தது, கழிவு இருந்தது. ஆயினும் இன்றைய அளவில் இல்லை. 1972ஆம் ஆண்டு சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணிகளையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. அந்நியச் செலாவணி பெருகும், வேலை பெருகும் என்பது கணக்கு. அவை பெருகியதும் உண்மைதான். ஆனால் அவற்றோடு குரோமியமும், அமிலமும், சாயமும், மலைமலையாய் உப்பும் பெருகின. செல்வ நாடுகள் தத்தம் சுற்றுச்சூழல் சட்டங்களை இறுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்த மாற்றம் நிகழ்ந்தது. பளபளக்கும் காலணி கடல் கடந்து போயிற்று. அதைப் பளபளக்கச் செய்த நஞ்சு இங்கேயே தங்கிவிட்டது.

கே. வில்லியம் காப் என்ற பொருளியல் அறிஞர் 1950ஆம் ஆண்டிலேயே, தனியார் தொழில் தன் செலவுகளில் ஒரு பகுதியைச் சமூகத்தின் தலையில் கட்டிவிடுவதைத் தனி நூலாக எழுதி விளக்கினார். இது வழிதவறிய சில முதலாளிகளின் குற்றம் அன்று, அந்த அமைப்பு இயங்கும் முறையே அதுதான் என்பது அவருடைய வாதம். சுத்திகரிப்புக்குச் செலவழிக்கும் தொழிற்சாலையின் சரக்கு விலை கூடும். செலவழிக்காதவனின் சரக்கு மலிவாக விற்கும். மலிவையே தேடும் பன்னாட்டு வணிகர் இரண்டாமவனிடம் போவார். நேர்மையாளன் தோற்பதும் அலட்சியக்காரன் வெல்வதும் இச்சந்தையின் இயல்பான விளைவு. அந்த வெற்றிக்குரிய விலையைக் கிணறு வற்றியவனும், தென்னை பட்டவனும், தோல் நோய் கண்ட தொழிலாளியும் தவணை தவணையாகச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அக்கம்பக்கத்தாரின் கிணற்றைக் கெடுத்ததால் மிச்சமான பணத்திற்கு இலாபம் என்று பெயர் வைக்கலாமா? தராசில் ஒரு பலம் குறைத்து விற்பவனுக்குக் கேடுதான் என்று குர்ஆனில் ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. அப்படியானால் ஊர் நீரைக் குறைத்து மிச்சம் பிடித்தவனின் கணக்கு எந்தத் தராசில் நிறுக்கப்படும்?

அள்ளிக் கொடுத்த கைகள்

இங்கே ஒரு மறுமொழி எழும். அதை நாம் மரியாதையோடு கேட்க வேண்டும். இந்தச் சமுதாயத்தைக் கல்விக் கண் திறந்து நிறுத்தியது தோல் வாணிபம் அல்லவா? 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் எழுந்த மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும், எண்ணற்ற மதரஸாக்களும் மருத்துவமனைகளும் இத்தொழில் ஈட்டிய செல்வத்தோடு தொடர்புடையவை அல்லவா?

உண்மை. அந்த வள்ளல்களின் கொடையை நாம் மறக்கவில்லை. அவர்களுக்காக துஆச் செய்கிறோம். கொடை வேறு, கடன் வேறு என்பதே நம் வாதம். ஒருவன் இறந்தால் அவனது சொத்தை வாரிசுகளுக்குப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அக்கடனை ஒருவர் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்க முன்வரவில்லை என்பதை புகாரியில் காண்கிறோம். இறைவழியில் உயிர் நீத்த ஷஹீதுக்கும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்கிறது மற்றொரு நபிமொழி. உயிரையே கொடுத்தவருக்கு இந்த நிலை என்றால், பணத்தைக் கொடுத்தவர் எந்த மூலைக்கு?

திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்ட நிகழ்ச்சி நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். தொழுகை, நோன்பு, ஜகாத் அனைத்தோடும் மறுமையில் வருவான் ஒருவன். ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், ஒருவரின் பொருளை விழுங்கியிருப்பான். அவனுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும். அவை தீர்ந்தால் அவர்களுடைய பாவங்கள் இவன் மீது சுமத்தப்படும். அந்த நாளில் பாலாற்றங்கரை உழவன் வரிசையில் நிற்கமாட்டான் என்பதற்கு யாரேனும் உத்தரவாதம் தர முடியுமா? அவன் முஸ்லிமா இல்லையா என்று அந்தத் தராசு கேட்காது. அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கும் இறைவனுக்கும் இடையே திரை இல்லை.

ஆகவே சொல்கிறோம்: நதிக்குச் செய்த சேதம் ஸதகாவால் ஈடாகாது. அது ஹக்குல் இபாத், அடியார்களுக்குரிய உரிமை. உரியவனுக்குத் திருப்பிக் கொடுக்கப்படாத வரை அது கடனாகவே நிற்கும். அந்தக் கடனைக் கழித்த பிறகு மிஞ்சுவதே செல்வம். அந்தச் செல்வத்திற்குத்தான் ஜகாத். அதிலிருந்து தருவதே ஸதகா.

நீதிமன்றம் சொன்னதும் நம் நூல்கள் சொன்னதும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அது அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் மைல்கல்லாகப் படிக்கப்படும் தீர்ப்பு அது.

இவை நமக்குப் புதியவையா? தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்துடைய நபிமொழியிலிருந்து நம் சட்ட அறிஞர்கள் விதிகளை வகுத்தார்கள். உஸ்மானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பில் அவை இடம்பெற்றன. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிமனிதத் தீங்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 26ஆம் விதி. நன்மையை ஈட்டுவதைவிடக் கேட்டைத் தடுப்பதே முதன்மையானது என்கிறது 30ஆம் விதி. ஆதாயம் யாருக்கோ அவருக்கே சுமையும் என்கிறது 87ஆம் விதி. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சொல் உண்டா? நம் வீட்டு அலமாரியில் இருந்த சட்டத்தை நீதிமன்றம் வந்து நமக்குப் படித்துக் காட்ட நேர்ந்தது.

படித்துக் காட்டிய பிறகும் என்ன நடந்தது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்த சீர்திருத்தங்களும் நடந்தன. ஆனால் பிரித்தெடுத்த உப்பை வாங்க ஆளில்லாமல் அது குவிந்து கிடக்கிறது. கசடைக் கொட்ட இடமில்லாமல் அது தேங்குகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கும் மனிதனுக்கு நம் தொழில் அளித்த படுக்கை அது.

2025 ஜனவரி 30 அன்று, முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெறும் காலம் வரை ஒரு கடன் அடைக்கப்படாமல் இழுத்தடிக்கப்பட்டிருக்கிறது. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை இங்கே நினைவுபடுத்துகிறோம்.

சொல்லப்படும் சாக்குகள்

நாம் மட்டுமா மாசுபடுத்தினோம் என்று கேட்கப்படுகிறது. இல்லைதான். இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் இரசாயன ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இலட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரில் கசிந்ததை நாடறியும். அது தோல் தொழிற்சாலை அன்று. நம் சமுதாயத்தின் சொத்தும் அன்று. மணல் கொள்ளையும் இந்த நதியைத் தின்றது. ஆனால் அண்டை வீட்டான் தொழவில்லை என்பதால் நம் தொழுகைக் கடமை நீங்கிவிடுமா?

தொழிலை மூடினால் ஆயிரமாயிரம் ஏழைகள் பட்டினி கிடப்பார்களே என்கிறார்கள். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் உழைப்பில் எத்தனையோ அடுப்புகள் எரிவதை நாமும் அறிவோம். அதனால்தான் மூடு என்று நாம் சொல்லவில்லை. செலவைச் செலுத்து என்கிறோம். ஏழையின் வேலையைக் கேடயமாக உயர்த்துவோர், அந்த ஏழைக்குக் கையுறையும் காலுறையும் கொடுத்தார்களா? நச்சுவாயு தேங்கிய கழிவுத் தொட்டிக்குள் மனிதனை இறக்காமல் இருந்தார்களா? கூலி கேட்கும்போது மறக்கப்படும் ஏழை, வழக்கு வரும்போது மட்டும் நினைவுக்கு வருவது ஏன்?

மூன்றாவது சாக்கு நுட்பமானது. தோலையும் இறைச்சியையும் காரணம் காட்டி நம்மீது வெறுப்பு வளர்க்கப்படும் இக்காலத்தில், நாமே நம் தொழிலைக் குறை கூறலாமா? இந்த அச்சத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. மாட்டின் பெயரால் மனிதர்கள் கொல்லப்படும் நாட்டில் வாழ்கிறோம். ஆயினும் வெறுப்பை விதைப்பவனுக்கு நதியைப் பற்றிக் கவலை இல்லை. கவலை உள்ளவன் பாலாற்றங்கரை விவசாயி. இருவரையும் ஒருவராகப் பார்ப்பது, நியாயமான முறையீட்டை எதிரியின் கையில் ஒப்படைப்பதாகும். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை, நிம்மதியான காலத்துக்கு மட்டும் இறங்கியதன்று.

கப்பலில் துளையிடுபவர்கள்

ராமச்சந்திர குஹாவும் ஜுவான் மார்டினெஸ் அலியேரும் 1997இல் வெளியிட்ட நூலில், சுற்றுச்சூழல் அக்கறை வயிறு நிரம்பியவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை மறுத்தார்கள். நிலமும் நீரும் காடும் பறிபோனால் பிழைப்பே போய்விடும் என்பதால் போராடும் ஏழைகளே இந்த இயக்கத்தின் முதுகெலும்பு என்று காட்டினார்கள். பாலாற்றுக்காக நீதிமன்றப் படியேறியவர்களின் கதையும் அதுவே. அவர்களுக்கு அருகே எத்தனை ஜமாஅத்துகள் நின்றன? எத்தனை ஜும்ஆ உரைகளில் அந்தக் கிணறுகள் பேசப்பட்டன?

ஒரே கப்பலில் மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் பயணம் செய்தவர்களின் உவமையை நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தண்ணீருக்காகக் கீழ்த்தளத்தார் துளையிட முனைந்தபோது, மேல்தளத்தார் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள்; விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். நம் காலத்தில் துளையிடுபவர்கள் மேல்தளத்தில் இருக்கிறார்கள். நீர் முதலில் நுழைவது கீழ்த்தளத்தில். எனினும் சட்டம் மாறவில்லை. கையைப் பிடிக்க வேண்டும். அதற்கு இன்று இயக்கம் என்று பெயர்.

நாம் கேட்பவை இவை. தோல் தொழில் செய்யும் சகோதரர்கள், நீதிமன்றம் விதித்த இழப்பீட்டைத் தண்டனையாகக் கருதாமல் கடனாகக் கருதி, ஜகாத் கணக்குக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். ஆதாயத்தில் பெரும்பங்கைக் கொண்டுபோகும் பன்னாட்டு வணிகர்களிடம், சுத்திகரிப்புச் செலவையும் விலையில் சேர்த்துத் தரும்படி ஒன்றுபட்டுக் கேட்க வேண்டும். தனித்தனியே விலையைக் குறைத்துக்கொண்டு போட்டியிடக் கூடாது. ஆலிம்கள் நீரும் நிலமும் பற்றிய ஃபிக்ஹை உளூவின் பாடத்தோடு நிறுத்திவிடாமல், நதி வரை கொண்டுசெல்ல வேண்டும். ஜமாஅத்துகள் உழவர்களோடும் தொழிலாளர்களோடும் ஒரே பாயில் அமர வேண்டும்.

எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலை இல்லையே என்று மற்ற ஊர்களில் இருப்பவர்கள் ஒதுங்க வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளன்று நாம் கொடுக்கும் குர்பானித் தோல் உப்பிடப்பட்டு, மண்டி வழியாக எங்கே போகிறது? அந்த உப்பு எந்த மண்ணில் இறங்குகிறது? தோலை மதரஸாவுக்கு அளித்த நன்மையோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டதா? இந்தப் பெருநாளில் ஒவ்வொரு குடும்பமும் தோலை வாங்க வருபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். ஒவ்வொரு மதரஸாவும் கழிவைச் சுத்திகரிப்பவருக்கே கொடுப்போம் என்று மண்டிக்காரரிடம் நிபந்தனை வைக்கட்டும். விலை பத்து ரூபாய் குறையலாம். அந்தப் பத்து ரூபாய்தான் இத்தனை காலமும் நதியிடமிருந்து எடுக்கப்பட்டது.

மத்யன்வாசிகளின் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு இப்போது நம்முடையது. ஆம், எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி செய்வதை விட்டுவிடும்படி எங்கள் தொழுகைதான் கட்டளையிடுகிறது என்று நாம் சொல்ல வேண்டும். நாவால் மட்டும் சொன்னால் போதாது. கணக்குப் புத்தகத்தில் எழுதிச் சொல்ல வேண்டும்.

கடனோடு தன்னைச் சந்திப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்காதிருப்பானாக. ஆமீன்.